குடித்த நாளில் போடாத மாத்திரை

என் வீட்டுக்காரருக்குக் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. எச்ஐவி முதலில் அவருக்கு வந்தது, பிறகு அவரிடமிருந்து எனக்கு. நான் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காலையில் மன்னார்புரம் தையல் கடைக்கு வேலைக்குப் போய்விடுவேன். அவர் அப்படியில்லை. குவார்ட்டர் ஏற்றிய நாளில் மாத்திரையைத் தொடமாட்டார். பெரிய ஆசாரம்!

"சரக்கோட மாத்திரை சேந்தா விஷமாயிரும்டி. மார்க்கெட்ல எல்லாரும் சொல்றாங்க" என்பார்.

குடிக்காத நாள் என்று ஒன்று இருந்தால்தானே? கிருமிக்குத்தான் கொண்டாட்டம். சிகரெட் வேறு, ஒன்றின் நெருப்பில் அடுத்தது. இருமிக்கொண்டு படுத்திருப்பவரைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தொலையட்டும் என்று நினைப்பேன். உடனே, தொலைந்துவிடுவாரோ என்று பயப்படுவேன்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார்: "குடிச்சிருந்தாலும் எச்ஐவி மாத்திரைய விடாதீங்க. விட்டீங்கன்னா அதுதான் உங்களக் கொல்லும். குடியும் சிகரெட்டும் ஒண்ண ஒண்ணு இழுத்துட்டு வரும், ரெண்டையும் சேத்தே விடணும்." சிகரெட் ஆசையை அடக்க ஒரு மாத்திரை எழுதினார். சிலருக்கு அது குடியையும் குறைக்குமாம்.

ஆரம்பத்தில் அந்தப் புது மாத்திரையால் அவருக்கு ஒரே குமட்டல். "என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று சோற்றுத் தட்டை வீசினார்.

"அதுக்கு நான் எதுக்கு? நீங்களே பண்ணிக்கிறீங்களே" என்றேன். தரையில் கொட்டியதையே அள்ளி மறுபடி அவர் முன்னால் வைத்தேன். சாப்பிட்டார்.

சிகரெட் முதலில் நின்றது. பிறகு குடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அதுவும் நின்றது. எச்ஐவி மாத்திரை தவறாமல் உள்ளே போனதில், ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. சந்தோஷத்தில் அவரை ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெருமாளைக் கும்பிட்டுவிட்டு காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம்.

குடித்த காலத்தில், "உனக்கும் குடுத்துட்டேனே" என்று என் காலைப் பிடித்து அழுவார். எனக்கு அருவருப்பாக இருக்கும். அன்று தெளிந்த கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, நிஜத்தச் சொல்லு. எங்கிட்டேருந்துதான் உனக்கு வந்துச்சா? இல்ல, உங்கிட்டேருந்து எனக்கா?"

இதைக் கேட்கத்தான் இந்த மனுஷனைத் தெளிய வைத்திருக்கிறேன்.

"நீங்க குடிச்சே செத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.