செருப்போடு வந்த பஸ்தியான்

கண்டக்குழியில் கரைவலை இழுப்பவர்களுக்குள் பஸ்தியானைப் போன்ற பிடிவாதக்காரர் இன்னொருவர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து இத்தனை வருடம் பார்த்தவன் நான், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. இடுப்புப் பட்டியைக் கயிற்றில் கொளுவி, இரண்டு குதிகால்களையும் மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாரென்றால், அவரை அசைக்கக் கடலாலும் முடியாது.

அந்த மனிதருக்கு இடது குதியில் நோவு வந்தது. காலையில் பாயை விட்டு எழும்பி முதல் அடி வைக்கும்போது உயிர் போய் வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்தால் குறையும். வேலை முடிந்து குந்தியிருந்து எழும்பினால் மறுபடியும் தொடங்கும்.

போன பருவத்தில் அதே காலில்தான் திருக்கை மீனின் வால்முள் குத்தியிருந்தது. "முள்ளு உள்ளுக்க முறிஞ்சு கிடக்கு" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மனைவி மாக்கிறட்டைக் கொண்டு ஊசியால் கிண்டுவித்தார். வராத முள்ளுக்கு அவளைத் திட்டினார். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்கலை இலையை வைத்து மிதித்தார். குதி புண்ணானதுதான் மிச்சம். எங்கள் ஆட்கள் இப்படித்தான், எந்த நோவுக்கும் ஒரு மீனைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள்.

கடைசியில் மாக்கிறட் அவரை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். துணைக்கு நானும் போனேன். டொக்டர் றுமைஸா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். குதி எலும்பின் அடியில் கூராக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பஸ்தியான் நோவை மறந்து எழும்பி நின்றுவிட்டார்.

"பாத்தியா மாக்கிறட்! திருக்கை முள்ளு! வெட்டி எடுங்க டொக்டர்."

"அது உங்கட எலும்புதான் ஐயா," என்று டொக்டர் சிரித்தார். "கனபேருக்கு இப்படி இருக்கும், ஒரு நோவும் தெரியாது. குதியில இருந்து விரல் வரைக்கும் அடியால ஒரு நார் போகுது. அது நைஞ்சு போயிருக்கு. நீங்க குதிய ஊண்டி இழுக்க இழுக்க அது ஆறாது."

"அப்ப ஊசியொண்டு போடுங்க."

"போடலாம், நோவும் குறையும். ஆனா நோவு இல்ல எண்டு பழையபடி இழுத்தீங்க எண்டா, நார் அறுந்துபோகவும் கூடும். என்னக் கேட்டா, இப்ப ஊசி வேணாம். மெத்தையான செருப்புப் போடுங்க. காலையில எழும்ப முன்ன நான் காட்டுற பயிற்சியச் செய்யுங்க. கொஞ்ச மாசத்துக்கு இழுவையும் வேணாம், வெறுங்காலும் வேணாம்."

பஸ்தியானின் முகம் விழுந்துவிட்டது. எங்கள் கரையில் வலைக்குப் பக்கத்தில் யாரும் செருப்புப் போடுவதில்லை. பாதர் செபம் சொல்லித் தண்ணீர் தெளித்த வலை அது. போன வருடம் சப்பாத்தோடு வலையில் ஏறிய ஒரு வெள்ளைக்காரனைத் துரத்தியடித்ததே பஸ்தியான்தான்.

"ஊசியப் போடுங்க டொக்டர். செருப்போட போனா கயித்துல என்ட இடம் போச்சு."

"நார் அறுந்தா?" மாக்கிறட்டின் குரல் உடைந்தது. "பொறகு கட்டில்லதான் உங்கட இடம். போற இடம் போகட்டும், நான் கருவாடு வித்துச் சோறு போடுறன். நீங்க நடந்து திரிஞ்சாக் காணும், வேற ஒண்டும் வேணாம்."

எனக்கே கண் கலங்கியது. பஸ்தியான் குனிந்து தன் குதியைத் தடவினார். பிறகு, "ஊசி வேணாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு மெல்லிய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சில வாரம் வீட்டில் கிடந்து எல்லோரையும் பாடாய்ப் படுத்தினார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் செருப்போடு கரைக்குப் போனார். போனவர் வலைப்பக்கம் போகவில்லை. அந்நியனைப் போலத் தூரத்தில் தென்னைமரத்தடியில் நின்றார். சம்மாட்டி ஜெனிஸ்டன் வலைக்குச் சொந்தக்காரன், வயதில் இளையவன். அவன் முதலில் செருப்பைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"என்ன பஸ்தியான் அண்ண, பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? கரைக்கு வாற கயித்தச் சுத்துங்க. வலையிலதான் செருப்பு ஏறக்கூடாது. கயித்துல ஏறப்போறது உங்கட கைதானே?"

பஸ்தியான் கயிற்றின் வால்பக்கம் போய் நின்று சுற்றத் தொடங்கினார்.

வலை கரையேறியதும், அவரவர் வீட்டுக் கறிக்கென்று கறிமீன் பங்கிட்டார்கள். கயிற்றில் இடமுள்ளவர்களுக்கு மட்டும்தான் அது. வலையைச் சுற்றிக் குந்தியிருந்து ஆளாளுக்கு வாங்கிக்கொள்வார்கள். பஸ்தியான் கிட்டப் போகவில்லை, வந்த வழியே திரும்பினார்.

"அண்ண, நில்லுங்க!"

ஜெனிஸ்டன் மணலில் ஓடிவந்தான். கையில் ஒரு சின்னத் திருக்கை.

"உங்கட பங்கு. முள்ள நானே வெட்டிட்டன்."

கரையே சிரித்தது. பஸ்தியானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் கண்ணைத் துடைத்தார்.