ஏழாம் வரிசையை வெட்டியவர்

அந்தச் செய்தி வந்தபோது வீட்டின் பின்புறத்தில் மழைமானியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் மழையை அளந்து ஒரு கொப்பியில் எழுதும் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. அதை யாரும் கேட்பதில்லை, நானும் யாருக்கும் காட்டுவதில்லை. வட்டகொடையில் அன்று பனி மிகத் தாழ்ந்து இறங்கியிருந்தது. கீழே ரயில் போகும் சத்தம் கேட்டது, ரயில் தெரியவில்லை. தொலைபேசியில் பேசியது பிலோமினா. என்னோடு வேலை செய்த சவரிமுத்து அண்ணனின் மகள், கந்தப்பளையில் ஆசிரியையாக இருக்கிறாள்.

“மாமா, அப்பா விடியக்காலைல தவறிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. நீங்க நிதானமா வாங்க, பாதை வழுக்கும்.”

சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அளவெடுக்கும் வேலை பாதியில் நின்றதால் அதை முடித்துவிட்டே கிளம்பினேன், அல்லது முடித்ததாக நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துக் கொப்பியைத் திறந்து பார்த்தால், மழை அளவு எழுதவேண்டிய கட்டத்தில் ‘சவரிமுத்து’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அன்று வட்டகொடையில் எவ்வளவு மழை பெய்தது என்பதற்கு இனிப் பதிவு கிடையாது.

அடக்கத்தின்போது என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். அவரோடு வேலை செய்த உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள், என்னையே பார்த்தீர்கள். நான் மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதும்போது பிழை திருத்த முடியும் என்ற தைரியம் எனக்கு எப்போதும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தைரியமும் இத்தனை வருடம் வேலை செய்யவில்லை.

கந்தப்பளைக்கு மேலே, கைவிடப்பட்ட தேயிலைக் காட்டில், பல்கலைக்கழகம் விவசாயத்துக்கும் வைனுக்கும் ஓர் ஆராய்ச்சி வளாகம் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பேராசிரியர் கண்டியிலிருந்து வந்து, பனிக்குள் கையை நீட்டி, “இங்கே திராட்சை வரும்” என்றார். அவர் நீட்டிய கையே எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவமாக இருந்த கட்டடம் சாறு நொதிக்கும் அறையானது. நான் பதிவேட்டு உதவியாளராகச் சேர்ந்தேன். சவரிமுத்து அண்ணன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெட்டு வேலைக்கு வந்தார். தேயிலையில் கவாத்து வெட்டுவதில் அவருடைய கையைப்போல வேகமான கை அந்தப் பக்கத்தில் இல்லை என்று சொல்வார்கள். கடைசியில் கொடித்தோட்டம் முழுவதற்கும் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார்.

பேராசிரியர் கம்பி கட்டி வரிசை வரிசையாகக் கொடிகளை நட்டார். அண்ணன் அந்த வரிசைகளை, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைச் சொல்வதுபோல, லயம் என்றார். “மூணாவது லயத்துல தண்ணி நிக்குதுங்க ஐயா” என்பார். முதலில் சிரித்த நாங்களும் கொஞ்ச நாளில் அப்படியே சொல்லத் தொடங்கினோம். பனி இறங்கும் காலைகளில் அந்த வரிசைகள் உண்மையிலேயே ஒரு குடியிருப்பைப்போலத் தெரியும். எப்போது வேண்டுமானாலும் ஒரு கதவு திறந்து அடுப்புப் புகை வரும் என்று தோன்றும்.

முதல் வெட்டுக் காலம் வந்தது. பேராசிரியரின் முறைப்படி எல்லாக் கிளைகளையும் குட்டையாக, இரண்டு மொட்டு மட்டும் வைத்து வெட்டவேண்டும். அவரும் மாணவர்களும் மற்ற வரிசைகளை அப்படியே வெட்டி முடித்தார்கள். ஏழாம் வரிசை மட்டும் மீதி. அவர் கண்டிக்குப் போகவேண்டியிருந்ததால், முறையை ஒரு தாளில் படமாக வரைந்து என் கையில் கொடுத்தார். “நீங்கள் கூடவே நின்று சவரிமுத்துவுக்கு விளக்குங்கள்” என்றார்.

நான் வரிசை முனைவரை போனேன். அப்போது மணி பத்தாகப்போகிறது என்பது நினைவுக்கு வந்தது. பத்து மணிக்கு வெப்பமானியைப் பார்த்து எழுதவேண்டும். அதுவரை ஒரு நாளும் நான் அதைத் தவறவிட்டதில்லை. “நீங்க ஆரம்பிங்க அண்ணே, இதோ வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு, படத்தைச் சட்டைப் பையில் வைத்தபடியே போனேன். பார்த்து எழுதினேன். எழுதியதில் ஓர் இலக்கம் கோணலாக இருந்தது, திருத்தி எழுதினேன். வெளியே பனி அடர்ந்திருந்ததால் கொஞ்சம் தயங்கி நின்றேன். திரும்பிப் போனபோது வரிசை முடிந்திருந்தது.

அண்ணன் தேயிலையை வெட்டுவதுபோலவே வெட்டியிருந்தார். ஒவ்வொரு கொடியும் முழங்கால் உயரத்துக்கு மட்டமாக நின்றது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கிளை மட்டும் இலையோடு, தொடப்படாமல் மேலே நீண்டிருந்தது. பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது ஆட்கள் கை தூக்கி நிற்பார்களே, அந்த வரிசை அப்படி நின்றது. நான் பையிலிருந்த படத்தை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் பேராசிரியர் வந்து பார்த்தார். வரிசையின் முனைவரை நடந்து திரும்பினார். பிறகு கேட்டார், “இப்படி வெட்டச் சொன்னது யார்?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“நாந்தாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேராசிரியர் கெட்டவரல்ல, அவரை வேலையிலிருந்து அனுப்பவில்லை. ஏழாம் வரிசையைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடும்படி மட்டும் என்னிடம் சொன்னார். சிவப்புப் பென்சிலும் அடிமட்டமும் எடுத்து, கோடு கோணாமல் அடித்தேன். ஓரத்தில் ‘தொழிலாளி தவறு’ என்று எழுதினேன். அதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. இதையும் உங்களிடம் சொல்லிவிடவேண்டும்.

பிறகு மழைக்காலம். வெட்டிய கொடி நீர் வடிக்கும் என்பது புத்தகத்தில் இருந்தது, ஆனால் எங்கள் மலையின் ஈரத்தில் அது நிற்காமல் வடியும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வரிசை வரிசையாக வெட்டுவாய் அழுகிக் கொடிகள் கறுத்தன. பேராசிரியர் குடையோடு மெல்ல நடந்து வந்து, ஏழாம் வரிசையில் நின்றார். அங்கே அந்த ஒற்றைக் கிளைகள் பச்சையாக இருந்தன. மட்டமாக வெட்டிய இடங்களில் மொட்டு விட்டிருந்தது.

“இந்த ஒரு கிளையை ஏன் விட்டீர்கள்?” என்று கேட்டார்.

அண்ணனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “மூச்சு விடுறதுக்குங்க. அத்தனையும் வெட்டிப்புட்டா அது எதுல மூச்சு விடும்?”

இன்று அந்த வளாகத்தில் நிற்கும் ஒவ்வொரு கொடியும் ஏழாம் வரிசையிலிருந்து எடுத்த தண்டில் வளர்ந்தது. ஒவ்வொரு வருடமும் அண்ணன் வெட்டியபடியேதான் வெட்டுகிறார்கள். பதிவேட்டில் மட்டும் புது நடுகைகளுக்கு நேரே ‘பிழைத்த செடிகளிலிருந்து’ என்று இருக்கிறது. எந்தச் செடி, ஏன் பிழைத்தது, யார் வெட்டியது என்று இல்லை. திருத்தவேண்டும் என்று அடுத்த நாளே நினைத்தேன். திருத்தினால் என் கையிலிருந்த படத்தைப் பற்றியும் எழுதவேண்டுமே என்று தள்ளிவைத்தேன். அவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் தள்ளுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

அண்ணன் அதை வைத்து என்னைக் கேலி செய்வார், குத்தமாட்டார். பதிவேட்டோடு நான் வந்தாலே போதும்.

“என்னங்க ஐயா, ஏழாவது லயத்து ஆளுங்களுக்கு இன்னும் பேரு பதியலையா?”

“பதியணும் அண்ணே. பாக்குறேன்.”

“அவசரமில்லைங்க. நாங்களும் வருசக்கணக்கா பேரு பதியாமத்தான் இந்த மலையில இருந்தோம். வளராமயா போயிட்டோம்?”

பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காக அவருடைய தகப்பனார் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்துக்கு நடந்து நடந்தே ஓய்ந்துபோனவர். அது தெரிந்திருந்தும் நான் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பதிவேட்டை மூடினேன்.

முதல் வைன் எடுத்த நாள் என் நினைவில் ஒரு கனவைப்போலத்தான் இருக்கிறது. மடுவத்துக்குள் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக இருந்தன. குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. சன்னல்களில் வெள்ளையாகப் பனி. அது உள்ளேயும் மெல்ல வந்துகொண்டிருந்தது. பேராசிரியர் எல்லோருக்கும் சின்னக் கிளாசில் கொஞ்சம் ஊற்றினார். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கண்களை மூடி நெடுநேரம் நின்றார். அவர் ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

“பூசையில பாதர் ஏன் முகத்த சுளிக்கிறாருன்னு சின்ன வயசிலிருந்து யோசிச்சிருக்கேங்க. இன்னைக்குத்தான் வெளங்குச்சு.”

பேராசிரியர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவரும் இப்போது இல்லை. சிரிப்பு அடங்கிய பிறகு அண்ணன் ஜாடியருகே போய்க் காதை வைத்துக் கேட்டதை நான் மட்டும் பார்த்தேன். “ஏழாவது லயம்” என்று தனக்குத்தானே மெல்லச் சொன்னார்.

சில மாதங்களுக்கு முன் இப்போதைய வளாகப் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இளம் சிங்களப் பெண், தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார். வளாகத்தின் எதிர்காலத்தை முடிவு செய்யப் பல்கலைக்கழகம் ஒரு குழுவை அனுப்புகிறது என்றார். எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று முறையான பதிவு இருக்கும் பயிரை மட்டும் தொடர்வார்களாம். மற்றதைப் பிடுங்கிவிட்டுக் காய்கறிக் கூடாரங்கள் போடுவார்களாம். “ஐயா, பழைய பதிவேட்டுல ஆறு இருக்கு, எட்டு இருக்கு. நடுவுல ஒரு சிவப்புக் கோடுதான் இருக்கு. ஏழு எங்க?” என்றார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேட எதுவும் இருக்கவில்லை. அந்தப் பக்கம் கண்ணை மூடினாலே எனக்குத் தெரியும்.

அந்த வாரமே அண்ணனைப் பார்க்கப் போனேன். படுக்கையோடு இருந்தார். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். போய், பட்டிப்பொல பக்கம் உறைபனி விழுந்ததைப் பற்றிப் பேசினேன். கரட் விலையைப் பற்றிப் பேசினேன். குழு வரும் செய்தியைப் பிலோமினா ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தாள்.

“புடுங்கணும்னா புடுங்கட்டுங்க ஐயா. காணி அவுங்களது. ஆனா அத்தனையும் புடுங்கிற வேணாம்னு சொல்லுங்க. மூச்சுக்கு ஒண்ண விட்டுட்டுப் புடுங்கச் சொல்லுங்க.”

“சொல்றேன் அண்ணே.”

“நீங்க எங்க சொல்லப்போறீங்க” என்று சிரித்தார். என் கையைப் பிடித்திருந்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் வளாகத்துக்குப் போனேன். அலுவலகத்துக்கு நேரே போகாமல் கொடித்தோட்டத்துக்குள் இறங்கினேன். வெட்டு முடிந்திருந்த காலம். பனிக்குள் ஏழாம் வரிசை நின்றது, முழங்கால் உயரத்தில் மட்டமாக, ஒவ்வொன்றும் ஒரு கையை மட்டும் தூக்கிக்கொண்டு. ஒரு கணம் எல்லாம் கலங்கிப்போனது. இது அந்த முதல் நாள் என்றும், நான் வெப்பமானியைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பி வருகிறேன் என்றும், வரிசையின் மறுமுனையில் அண்ணன் கத்தியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார் என்றும் தோன்றியது. மறுமுனைவரை நடந்தேன். அங்கே யாரும் இல்லை. எத்தனை வருடங்களாக இவை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன, பெயரைக் கூப்பிடவேண்டியவன் நான்தானே என்று நினைத்தேன்.

பொறுப்பாளர் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார். சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்து, ஓரத்தில் இருந்த இரண்டு சொற்களையும் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“தொழிலாளி தவறு. ஐயா, இத அடிச்சது யாரு?”

“நாந்தாங்க” என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. அவர் பேனாவைக் கொடுத்தார். உட்கார்ந்து, கோட்டுக்குக் கீழே இருந்த வெறும் இடத்தில் எழுதினேன்: ஏழாம் வரிசை. வெட்டியவர் சவரிமுத்து. ஒவ்வொரு கொடியிலும் மூச்சுக்கு ஒரு கிளை விடப்பட்டது. இப்போதுள்ள கொடிகள் அனைத்தும் இவ்வரிசையிலிருந்து வந்தவை. விளக்கவேண்டிய படம் என் பையில் இருந்தது. நான் களத்தில் இருக்கவில்லை. ‘தொழிலாளி தவறு’ என்று எழுதியதே தவறு. இதன் கீழ் என் முழுப் பெயரையும் அன்றைய தேதியையும் போட்டேன்.

குழு அடுத்த மாதம் வருகிறது. இவ்வளவு காலம் கழித்து எழுதிய வரிகளை அவர்கள் பதிவாக ஏற்பார்களா, ஒரு கிழவனின் கிறுக்கலாகத் தள்ளிவிடுவார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டால் நேரில் வந்து சொல்வேன் என்று பொறுப்பாளரிடம் கூறியிருக்கிறேன். இந்த முறை உட்கார்ந்துவிடமாட்டேன்.

அவருடைய கவாத்துக் கத்தியை வைத்துக்கொள்ளும்படி பிலோமினா கொடுத்தாள். எனக்கு வெட்டத் தெரியாதம்மா என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனக்காக அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்ன அந்த ஒரு சொல். கடனாக வாங்கியதை உரிய இடத்தில் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது, அண்ணே.