மடியில் உட்காராதவள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கார அண்ணன் எங்கள் சிலமலை வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலோடு வந்தார். கண் மங்கிப்போனதால் ஜீப்பை விற்றுவிட்டாராம். சீட்டுக்கு அடியைக் கூட்டும்போது அகப்பட்டதாம். அவ்வளவு வெளுத்திருந்தது, சிவப்பு என்று யாராவது சொன்னால்தான் அது சிவப்பு. பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சலும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளி இல்லாத நாட்களில் அவளையும் கூட்டிப் போவேன். அண்ணனின் ஜீப்பில் கொள்ளுகிற ஆட்களைப்போல இரண்டு பங்கு ஏறுவோம். பிள்ளைகளுக்குத் தனி இடம் கிடையாது. அண்ணன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே விடுவார். யார் மடி காலியோ அங்கே போய் உட்காரும். அதில் தப்பு இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

என் மகளுக்குப் பேச்சு பிந்தியது. புத்தியும் வயதுக்குப் பின்னாலேயே மெதுவாக வந்தது. யார் கை நீட்டினாலும் சிரித்துக்கொண்டே போவாள். ஊரே அதை மெச்சியது. போடியில் அவள் படித்த சிறப்புப் பள்ளி டீச்சருக்கு மட்டும் அதுதான் கவலை. “எல்லாருகிட்டயும் போற பிள்ளைக்கு, யாருகிட்டப் போகக் கூடாதுன்னு எப்படிம்மா தெரியும்?” என்றார். நான் இல்லாத இடத்தில் இவளுக்கு ஒன்று நேர்ந்தால், வந்து சொல்லக்கூடத் தெரியாதே.

டீச்சர் பழக்கியது கொஞ்சம்தான். உள்ளங்கையை முன்னால் நீட்டு, ‘வேணாம்’ என்று சொல், தள்ளிப் போ, அம்மாவிடம் வந்து சொல். பொம்மையை வைத்து, என்னை வைத்து, மாதக்கணக்கில் அதையே செய்யவைத்தார். வீட்டில் நானும் தலைவாரும் முன் அவளைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் சீப்பைக் கீழே வைத்துவிட வேண்டும். மருந்துக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, ஆனால் ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். “உங்ககிட்டச் சொல்லிப் பழகாத வார்த்தை வெளியாளுகிட்ட வராதும்மா.” மகள் பல நாள் சிக்குத் தலையோடு பள்ளிக்குப் போனாள்.

மடிக்குப் பதில் அவளுக்கென்று ஓர் இடம் வேண்டுமே என்றுதான் அந்த ஸ்டூலை வாங்கினேன். “ஏத்தா, மகாராணி சிம்மாசனத்தோட வர்றாகளோ? ஒரு ஆளு எடம் போச்சே” என்றார் அண்ணன். ஜீப்பே சிரித்தது. “நாங்க என்ன பிள்ளையக் கடிச்சாத் திங்கப் போறோம்?” என்று பக்கத்து வீட்டு மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் ஸ்டூலை இரண்டு சீட்டுக்கும் நடுவில் போட்டு அவளை உட்காரவைத்தேன்.

ஒரு மழைநாளில், வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் எதிரில் இருந்தார். வளைவில் ஸ்டூல் சறுக்கியதும் மகளைப் பிடித்து மடிக்கு இழுத்தார். “மடியில உக்காராத்தா, விழுந்துருவ.” மகள் உள்ளங்கையை நீட்டினாள். “வேணாம்.” அவர் சிரித்தபடி மறுபடி இழுத்தார். பெண்களும் “சும்மா உக்காருடி” என்றார்கள். அவள் அதைவிடப் பெரிய குரலில் ‘வேணாம்’ என்று கத்திவிட்டு, கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்துத் தவழ்ந்து வந்தாள்.

ஜீப்பு நின்றது. அண்ணன் நனைந்துகொண்டே பின்னால் வந்தார். எங்களை யாரையும் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார். “என்னாத்தா வேணாம்?” அவள் அந்த மனிதரின் கையைக் காட்டினாள். “பிள்ளை வேணாங்குதுல்ல, பெறகென்னப்பா? நீ முன்னாடி வந்து உக்காரு” என்று அவரை எழுப்பிவிட்டார்.

அவர் கெட்டவரா, நிஜமாகவே பிள்ளை விழுந்துவிடும் என்று பயந்தவரா, எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தாக வேண்டும் என்றும் இல்லை. போடிமெட்டு வரும்வரை சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதேன். பயத்தில் அல்ல, மாதக்கணக்காக நெஞ்சில் ஏறி நின்ற பாரம் இறங்கியதில்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் தூக்கி ஏற்றிய அண்ணன், இவளிடம் வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “தூக்கவா ஆத்தா?” “வேணாம்.” ஸ்டூலைக் கீழே போட்டு, அதில் மிதித்து, ஆடி அசைந்து ஏறினாள். எப்போதும் வெரசா வெரசா என்று விரட்டுகிறவர், அன்று அவள் ஏறி முடிக்கும்வரை காத்து நின்றார். அதன்பிறகு ஸ்டூல் அவர் சீட்டுக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

இப்போது மகள் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குத் தானே பஸ்சில் போய்வருகிறாள். நான் முன்போல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

ஞாயிறன்று அவளைப் பார்த்த சந்தோஷத்தில் அண்ணன் தலையில் கைவைக்கப் போனார், பாதியில் நிறுத்தினார். “தலையத் தொடட்டுமா ஆத்தா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வேணாம்” என்றாள்.

“சரித்தா” என்று அவர் கையை இறக்கிக்கொண்டார். அவள் அவரிடமிருந்து ஸ்டூலை வாங்கி, தாவணியால் துடைத்து, அவர் முன்னால் போட்டாள்.

“உக்காருங்க மாமா.”