இரும்பு அலமாரியின் சாவி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். கடல்கடந்து வந்து இந்த கிளென் ஈடனில் இருபத்திரண்டு வருஷமாக மளிகைக்கடை நடத்துகிறேன். பெரிய பட்டம் வாங்கியவர்களும் என்னிடம் வந்துதான் பருப்பு வாங்குகிறார்கள். கடையின் பின்னறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. ஏலக்காய், கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் அதற்குள். சாவி என் அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போதுகூட அவிழ்த்ததில்லை. மனைவி கேட்டதும் இல்லை, நான் கொடுத்ததும் இல்லை.

முழங்கால் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. ஆறு வாரம் கடைப்பக்கம் போகக்கூடாதாம். கடையை யாரிடம் விடுவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் மனைவியின் போக்கு மாறியது. அரிசி மூட்டை எந்தக் கிழமை வரும், அலாரத்தை எப்படி அணைப்பது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். புதன்கிழமை மத்தியானம் ஆனால் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாவின் காரில் பக்கத்து ஊரான பிளாக்ஹவுஸ் பே போய்விடுவாள். ஏதோ சரித்திர வகுப்பாம். ஒரு நோட்டு வைத்திருந்தாள். நான் வந்தால் மூடிவிடுவாள்.

அதுவரை என்னிடம் எதையும் மறைக்காதவள். அவள் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து நோட்டைத் திறந்தேன். 'புருஷன் சண்டைக்குப் போனால் கோட்டை வாசல், தானியம், வேலையாட்கள், சாவிக்கொத்து எல்லாம் அவள் பொறுப்பு' என்று எழுதியிருந்தது. எந்தப் புருஷன்? எந்தச் சாவி?

அடுத்த புதன் என் வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற வெள்ளைக்கார டீச்சர் ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். கவுண்டரில் நின்றே இங்கிலீஷ் கற்றவன் நான். ஒரு வார்த்தை விடவில்லை. பழைய ஐரோப்பாவில் பிரபு போருக்குப் போனால் சீமாட்டிதான் எல்லாம். குத்தகை வசூலிப்பாள், வந்தவர்களுக்கு விருந்து வைப்பாள், எதிரி சூழ்ந்தால் மதிலைக் காக்க ஆட்களை ஏவுவாள். மிளகும் குங்குமப்பூவும் பூட்டிய பெட்டியில். அதன் சாவி அவள் இடுப்பில். அந்த இடத்தில் என் மனைவி குனிந்து எழுதினாள். என் கை தானாக இடுப்பைத் தடவிப் பார்த்தது.

இடைவேளையில் யாழ்ப்பாணத்து அம்மா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "அண்ணையும் சீமாட்டிக்குப் படிக்க வந்தனீங்களோ?" என்றார்.

மனைவியை என் வேனிலேயே கூட்டிவந்தேன். வழியில் ஒன்றே ஒன்று கேட்டேன். "புருஷன் திரும்பி வந்ததும் அந்தப் பொம்பளைங்க சாவியைக் குடுத்துட்டாங்களா?"

"டீச்சரம்மா இன்னும் அதைச் சொல்லலைங்க," என்றாள். சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். வேறு ஆள் இல்லை. ஆனால் நான் ஏமாறப் பிறந்தவனா? முந்தின வாரமே இன்னொரு சாவி வெட்டி என் மருந்து டப்பாவின் அடியில் போட்டு வைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கைத்தடியோடு கடைக்குப் போனேன். தட்டுகளில் ஒரு சாமான் குறையில்லை. கவுண்டரில் அவள் ஆட்களைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நான் நேராகப் பின்னறைக்குப் போய் என் சாவியைப் பூட்டில் நுழைக்கப் பார்த்தேன். நுழையவில்லை. பூட்டு புதுசு.

திரும்பினால் அவள் நிற்கிறாள். "மருந்து டப்பாவை நிரப்பறது நான்தானேங்க," என்று சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "ஏலக்காயா? எவ்வளவு வேணும்?"

ஐம்பது கிராம் என்றேன். நிறுத்துக் கொடுத்தாள்.