புயலை உட்காரப் பழக்கிய கதை

குளிர் விலகி வெயில் முகம் காட்டினால் ஊரே சந்தோஷப்படும். சலவைக் கடை அக்காவுக்கு மட்டும் கவலை தொடங்கிவிடும். குளிர் முழுக்கச் சாத்திக் கிடந்த கடைக் கதவை இனித் திறந்து வைத்தாக வேண்டும். இஸ்திரிப் பெட்டி சூடேறி நிற்கும்போது கதவையும் சாத்தினால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். கதவைத் திறந்தாலோ, புயல் பாயும்.

புயல் என்பது அவள் வளர்க்கும் நாய். கள்ளம் கபடம் தெரியாது, யாரையும் கடித்ததில்லை. ஆனால் ஆளைக் கண்டுவிட்டால் அன்பு பொங்கிவிடும். முன்னங்கால் இரண்டையும் மார்பில் வைத்து மூக்கை ஒரு நக்கு நக்கினால்தான் அதற்கு மனம் ஆறும். போன கோடையில் அப்படித்தான் வீட்டுக்காரம்மா மேல் பாய்ந்தது. கடைக் கட்டடம் அந்த அம்மாளுடையது. அவர் படியில் சாய்ந்து விழுந்து, இடுப்பு பிடித்து, ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை.

"வாயில்லா ஜீவனாச்சேன்னு இந்தத் தடவை விடறேன். அடுத்த வெயிலுக்கு இது என் மேல பாஞ்சுச்சு, எங்கயாவது குடுத்துடணும். ஆமா, சொல்லிட்டேன்!" என்று அன்றே முடிவாகச் சொல்லிவிட்டார்.

அந்தச் சொல் அக்காவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக் கிடந்தது. பிள்ளை இல்லாத வீட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வரும் ஒரே உயிர் அது. "ஆண்டவனே, இதுக்குக் கொஞ்சம் அடக்கத்தைக் குடு. எனக்குக் கொஞ்சம் பொறுமையைக் குடு" என்று தினமும் காலையில் கைகூப்புவாள்.

கும்பிட்ட கை சும்மா இருக்கலாமா? குளிர் போகும் முன்பே பழக்கத் தொடங்கினாள். கதவோரம் ஒரு பழைய கம்பளியை விரித்தாள். யார் உள்ளே வந்தாலும் புயல் அதில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. பாய்ந்தால் வந்தவர் முதுகைக் காட்டி நிற்பார், ஈரலும் கிடையாது. புயலை நடக்கக் கூட்டிப்போவதையும் விடியற்காலைக்கு மாற்றினாள். வெயில் ஏறும் முன்பே ஓடி ஆடிக் களைத்துவிட்டால், கடை திறக்கும்போது பாதித் துள்ளல் அடங்கியிருக்குமே.

வாடிக்கையாளராக நடித்தது கணவரும் நாத்தனாரும். சலவைக் கடைக்கு எவர் வெறுங்கையோடு வருவார்? ஆளுக்கொரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, பின்வாசலில் போய் முன்வாசலில் வந்தார்கள். மறுபடி போனார்கள், மறுபடி வந்தார்கள்.

"நாய் வாலை நிமித்த முடியுமா? என் முதுகுதான் வளையுது!" என்று கணவர் மூச்சு வாங்கினார்.

"வாலு வளைஞ்சே இருக்கட்டுங்க. காலு தரையில இருந்தாப் போதும். மூட்டையத் தூக்குங்க."

"அண்ணி, எங்க அண்ணன் என்னைக்காவது சொன்னதும் உக்காந்திருக்காரா? அவருக்கும் ஒரு துண்டு ஈரல் போட்டுப் பாருங்களேன்!" என்று நாத்தனார் சிரித்தாள்.

"போடட்டும். உனக்கு எதைப் போட்டா வாயை மூடுவேன்னுதான் தெரியல" என்றார் அவர்.

நாள் போகப் போகப் புயல் பிடித்துக்கொண்டது. மூட்டை உள்ளே நுழைந்ததும் கம்பளிக்கு ஓடி, சாமியார் மாதிரி உட்கார்ந்துவிடும்!

வெயில் வந்தது. கதவு திறந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் மேசைவிரிப்புகளோடு வந்தார், புயல் உட்கார்ந்தது. ஆசிரியை போர்வை மூட்டையோடு வந்தார், உட்கார்ந்தது! அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஈரல் கிண்ணம் காலியாகிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா வாசலில் ஏறினார். கை வீசிக்கொண்டு.

புயல் அவர் கைகளைப் பார்த்தது. ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்த பின்பக்கம் மெல்ல எழுந்தது, வால் சுழன்றது. அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஐயோ, மூட்டை இல்லாத ஆளையே இதற்குக் காட்டவில்லையே! கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி அசையாமல் நின்றார். அக்கா மேசையிலிருந்த போர்வை மூட்டையை வாரி, ஒரே பாய்ச்சலில் போய், வீட்டுக்காரம்மாவின் கையில் திணித்தாள்.

"அம்மா, இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா!"

புயல் பொத்தென்று உட்கார்ந்தது.

"ஏம்மா, உனக்குப் பித்தா? நாயி பாயாதுன்னு பாத்தா நீ பாயற!"

அக்கா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வீட்டுக்காரம்மா நம்பவில்லை. மூட்டையை அக்காவின் கணவரிடம் நீட்டினார், நாய் எழுந்தது. பறித்து அணைத்துக்கொண்டார், உட்கார்ந்தது. மறுபடி நீட்டினார், மறுபடி பறித்தார். மூன்றாம் முறை சிரிப்பு தாங்காமல் அவரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ நான் வர்றப்பல்லாம் ஊரு அழுக்கைச் சுமந்துக்கிட்டு வரணுமா?"

"வேணாம்மா, இன்னைக்கே பழக்கிடறேன். வெறுங்கையோட வர ஆளுதான் வேணும்" என்றாள் அக்கா.

"இவங்களைப் பாத்து அதுக்குச் சலிச்சுப் போயிருக்கும். நான் வரேன்" என்று எழுந்தார் வீட்டுக்காரம்மா. "அது கழுத்துல ஒரு கயித்தைக் கட்டிக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. என் இடுப்பு பத்திரம்!"

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி அவர் வாசலுக்கு வெளியே போனார். மறுபடி உள்ளே வருவதற்காக.