பேயாண்டி செய்த சத்தியம்

புருஷன் பேயாண்டியின் பேரைக் காப்பாற்றத்தான் சீனியம்மாள் அவரை அழகர்கோவிலுக்கு அழைத்துப் போனாள்.

பேயாண்டிக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். வயது அறுபதைத் தாண்டியாயிற்று. அடுத்தவர் வரப்பில் புல்கூட அறுக்காத மனிதர். அவர் மேல்தான் பக்கத்துக் கொடிக்கால்காரன் சங்கிலி பழி சொன்னான். பங்காளி வகையில் அவருக்குத் தம்பி முறை. தன் முறை நாளில் வரும் வாய்க்கால் தண்ணீரை அண்ணன் மடையை வெட்டி அவர் கொடிக்காலுக்குத் திருப்பிவிடுகிறாராம்.

"மடைப்பக்கமே நான் போகலையேப்பா" என்றார் பேயாண்டி.

"மண்வெட்டியோட போனதப் பாத்த ஆளு இருக்குண்ணே."

"பாத்தவன் கண்ணு அவிஞ்சு போகட்டும்."

அவர் வாயில் அப்படியொரு சொல்லைச் சீனியம்மாள் கேட்டதே இல்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றப் பெண்களின் பேச்சு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் சீனியம்மாள். இது எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது.

"பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிருங்க. ஊரு வாய் அடங்கிரும்" என்று சொன்னதும் அவள்தான்.

கருப்பாகவே கும்பிடப்படும், சந்தனம் அப்பிய மூடிய கதவுக்கு முன்னால், எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார் பேயாண்டி. மடையைத் தொடவே இல்லை என்று சத்தியம் சொன்னார். கூட வந்திருந்த சங்கிலி தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினான்.

அந்த மாதமே, ஆட்கள் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த பட்டப்பகலில், சங்கிலியின் முறையன்று பேயாண்டி வந்து மடையை வெட்டினார். "இன்னைக்கு என் முறைதானப்பா" என்று சிரிக்கவும் செய்தார்.

"சாமியவே ஏமாத்திப்புட்டியேண்ணே!" என்றான் சங்கிலி.

"பேயாண்டி மாமா அடுத்த வாட்டி கருப்பையே மடை வெட்ட அனுப்புவாருடா" என்றான் ஒருவன்.

சிரிப்பு அவள் வீட்டு வாசல்வரை வந்தது. அவள் குழாயடிக்குப் போவதை விட்டாள். அவருக்குச் சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏன் புள்ள பேச மாட்டேங்கிற?"

"பொய்ச் சத்தியம் பண்ணுன ஆளோட என்ன பேச்சு?"

விளங்காதவர்போல் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார். மறுநாளும் அதையே கேட்டார். நடிக்கிறார் என்று அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒரு காலையில் தலை வலிக்கிறது என்றார். சற்று நேரத்தில் இடது கை தொங்கிப்போய் வாய் குழறியது. பொய்ச் சத்தியத்துக்குக் கருப்பு தண்டித்துவிட்டது என்றது ஊர். சீனியம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவர் கையைப் பிடிக்கவில்லை.

சில நாள் கழித்து டாக்டரம்மா ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும்மா. இவருக்கு பிரஷரும் இல்ல. இந்த வயசுல சிலருக்கு மூளையோட சின்ன ரத்தக்குழாய்ச் சுவர்ல ஒரு புரதம் படியும். பருப்பு, முட்டையில இருக்கிறது இல்ல, உடம்பே உண்டாக்குறது. அது படியப் படியச் சுவர் இத்துப்போகும், ரத்தமும் சரியா ஓடாது. அங்கங்க மூளை வாடி, ஞாபகம் போயிரும். இவருக்கும் அதுவாத்தான் இருக்கணும். மூளையவே எடுத்துப் பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம். ஆனா பழைய கசிவோட தடமும் இங்க தெரியுது பாருங்க."

"எம்புட்டு நாளா இருக்கும்?"

"படியுறது வருஷக்கணக்கா நடக்கும். மறதி ஏதும் இருந்துச்சா?"

ஒரே கேள்வியை அவர் மறுநாளும் கேட்டதும், இன்னைக்கு என் முறைதான் என்று சிரித்ததும் சீனியம்மாளுக்கு நினைவுக்கு வந்தன.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சங்கிலி இரண்டு ஆட்களோடு திருநீறு கொண்டுவந்தான். "மதினி, அண்ணன் சார்பா ஒரு கெடா வெட்டி, பொய் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிட்டா எந்திரிச்சிருவாரு."

"அவரு பொய் சொல்லல."

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். டாக்டரம்மா சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"புரதச் சத்து படிஞ்சா புத்தி கூடத்தான செய்யும்?" என்று ஒருவன் சிரித்தான்.

அவளுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் உள்ளே போய்விடவில்லை. "சங்கிலி, நேத்துத் தண்ணி பாச்சுன கொடிக்கால்ல இன்னைக்கும் பாச்சுனா என்னாகும்?"

"வேரு அழுகிரும்."

"எங்க கொடி பாதி அழுகித்தான கெடக்கு? பாச்சுனதே அவருக்கு ஞாபகம் இல்ல. தண்ணி திருடுறவன் தன் கொடிய அழுக விடுவானா? நீயும் பாத்த, நானும் பாத்தேன். ஒருத்தருக்கும் உறைக்கல. கருப்பு வாசல்ல அவரக் கொண்டுபோயி நிறுத்துனவ நான். நான்தான் போயி மன்னிப்புக் கேக்கணும்."

சங்கிலி துண்டைக் கசக்கிக்கொண்டே நின்றான். "எனக்கும் தோணலையே மதினி" என்றான் மெல்ல.

கட்டிலில் கிடந்த பேயாண்டி தலையைத் திருப்பினார்.

"எங்க கெளம்பிட்ட?"

"அழகர்கோவிலுக்குங்க."

"நானும் வாரேன். சத்தியம் பண்ணணுமா?"

"வேணாங்க."

"நீ சொன்னாப் பண்றேன் புள்ள" என்று நல்ல கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

சங்கிலி ஓடிவந்து அவரைப் பிடித்துக்கொண்டான். சீனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.