பெயர் வாசிக்காத வெடி

செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கோயில் கமிட்டிக்காரர் போன் செய்தார். "சாரே, நம்ம வெடி ராசப்பன் போயிட்டாரு" என்றார். அடுத்த மூச்சிலேயே, வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வேறு ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தெரியாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வெடி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தீபாவளி. குலசேகரம் பக்கம் பாறை உடைக்கிறவர்களுக்கு அது பிழைப்பு, ரப்பர் தோட்டக்காரர்களுக்குப் பன்றி விரட்டும் வழி. எங்கள் கோயிலில் அது வழிபாடு. கதினா என்கிற சின்ன இரும்புக் குழலில் மருந்தை இடித்து நிரப்பித் திரி வைப்பார்கள். பணம் கட்டி யாருக்காகச் சீட்டு எழுதுகிறார்களோ அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் வாசித்ததும் வெடிக்கும். ராசப்பண்ணன் இந்த எல்லா வெடியையும் பார்த்தவர். பாறை வேலையில் காதைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சீட்டு எழுதிப் பெயர் வாசிக்க நான் வந்தேன்.

மைக்கில் நான் வாசிப்பது அவருக்குக் கேட்காது. நான் துண்டை அசைத்தால் போதும், பற்ற வைக்கலாம். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒவ்வொரு முறையும் என் மேசைவரை நடந்து வந்து சீட்டை வாங்கிப் படிப்பார். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சாமிக்குத் தெரியாதா என்று நானே ஒருநாள் எரிந்து விழுந்தேன். "சாமிக்குத் தெரியும். ஆருக்குன்னு அறியாம நான் எப்படித் தீ வைப்பேன்?" என்றார்.

என் மனைவி சரோஜா நெய்யூரில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் தினமும் முதல் சீட்டு அவளுடையதுதான். அவள் போய்ப் பதினாறு கழிந்து மேசைக்குத் திரும்பிய அன்று, கை பழக்கத்தில் எழுதிவிட்டது. வாயும் வாசித்துவிட்டது: "சரோஜா, சுவாதி, வெடி ஒன்று." இறந்தவர்களுக்கு வெடி கிடையாது. வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வழக்கம்போல ராசப்பண்ணன் நடந்து வந்தார். சீட்டைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அவியளுக்கு இனி சத்தம் வேண்டாம் சாரே. ஒங்க நாளு என்ன?"

அனுஷம் என்றேன். திரும்பிப் போய்ப் பற்ற வைத்தார். ஊருக்கெல்லாம் பெயர் வாசித்த எனக்கு அதுதான் முதல் வெடி. மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அதன்பிறகு மாதாமாதம் அனுஷத்தன்று, நான் யார் பெயரையும் வாசிக்காத நேரத்தில் ஒரு வெடி கேட்கும். இது யாருக்கு என்று ஆட்கள் கேட்பார்கள். தெரியவில்லையே என்பேன். மதில் ஓரத்திலிருந்து அவர் கையைத் தூக்கிக் காட்டுவார். சரோஜா போனபின் என் நட்சத்திரத்தை நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர் அவர்.

அவருடைய நட்சத்திரம் என்னவென்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. அடக்கத்தன்று அவர் மகளிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அவரால் எனக்கென்று மிஞ்சியிருப்பது மாதத்தில் அந்த ஒரு அனுஷ நாள்தான்.

நேற்று அனுஷம். புது ஆள் வந்திருந்தார், சுறுசுறுப்பானவர். துண்டை அசைத்ததும் பற்ற வைத்தார். வாசித்த பெயர்களுக்கெல்லாம் வெடி கேட்டது. நடை சாத்தும்வரை, கூடுதலாக ஒன்று கேட்குமா என்று உட்கார்ந்திருந்தேன்.